பிக்அப் கூரையில் ஒரு சிவப்பு விளக்கு

ஒரு பிக்அப் டிரக்கைப் பின்னாடியிருந்து பார்க்கிற மாதிரி மனசுல கொண்டு வாங்க. முன்னாடி கேபின், பின்னாடி மேலே மூடாத சரக்குத் தொட்டி. தொட்டியோட கதவுக்கு ரெண்டு பக்கமும் சிவப்பு விளக்குகள். இப்போ கொஞ்சம் மேலே பாருங்க. கேபினோட பின் கண்ணாடிக்கு மேலே, கூரை விளிம்பில், நட்ட நடுவில் இன்னொரு சின்ன சிவப்பு விளக்கு இருக்கும். பிரேக் மிதிச்சா மட்டும் எரியும். அதுதான் மூன்றாவது பிரேக் லைட்.

அமெரிக்காவில் கார்களுக்கு இந்த விளக்கு 1985 செப்டம்பரில் கட்டாயமானது. பிக்அப்புகளுக்கு 1993 செப்டம்பரில்தான் கட்டாயமானது. நடுவில் எட்டு வருஷம். பின்னாடியிருந்து இடிச்சா காருக்கும் அடி, பிக்அப்புக்கும் அடி. அப்புறம் எதுக்கு இந்த எட்டு வருஷம்? இன்னைக்கு எபிசோடில் அந்தக் கேள்வியை வெச்சுக்கிட்டு ஒரு பிக்அப்பைச் சுத்தி வரலாம்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரிச்சுக்குவோம். ஒரு வண்டியில் ரெண்டு வகை விளக்கு இருக்கு. ஒன்று, நான் பார்க்கிறதுக்கு. ஹெட்லைட் அந்த வகை. இன்னொன்று, என்னை அடுத்தவங்க பார்க்கிறதுக்கு. டெயில் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் அந்த வகை. முதல் வகைக்குக் காசு கொடுக்கிறவன் பலனைத் தன் கண்ணால் பார்க்கிறான். இரண்டாவது வகையில் பலன் என்பதே நடக்காமல் போன விபத்துதான். நடக்காத ஒன்றை யாரும் பார்க்க முடியாது. பிக்அப்போட விளக்கு வரலாற்றில் பாதி இந்த ஒரு வித்தியாசத்தில்தான் ஓடுது.

1908-இல் ஃபோர்டு மாடல்-டி வந்தபோது முன் விளக்குகள் அசிட்டிலீன் வாயுவில் எரிந்தன. மாம்பழம் பழுக்க வைக்கிறாங்கன்னு செய்தியில் வருமே, அதே கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டினால் வாயு வரும். அது குழாய் வழியாக விளக்குக்குப் போகும். தீக்குச்சி கிழித்துப் பற்ற வைக்க வேண்டும். பின்னால் இருந்தது மண்ணெண்ணெய் விளக்கு.

1915 மாடலில் முன் விளக்கு மின்சாரத்துக்கு மாறியது. ஆனால் பேட்டரி கிடையாது. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் மேக்னெட்டோதான் மின்சாரம் தரும். நம்ம சைக்கிள் டைனமோ மாதிரி யோசிங்க: வேகமாகப் போனால் பளிச், மெதுவாகப் போனால் மங்கல். அதாவது குண்டும் குழியுமான இடத்தில் மெதுவாகப் போகும்போது, வெளிச்சம் ரொம்பத் தேவைப்படும் நேரத்தில், விளக்கு சுணங்கும். இரண்டு பல்புகளும் ஒரே தொடராக இணைக்கப்பட்டதால் ஒன்று போனால் மற்றதும் அணைந்துவிடும். இத்தனை குறை இருந்தாலும் முன்பக்கம் மின்சாரம் வந்துவிட்டது. பின்பக்கம்? அப்போதும் மண்ணெண்ணெய்தான்!

1925-இல் ஃபோர்டு, மாடல்-டியின் பின்பக்கம் ஒரு இரும்புத் தொட்டியை வைத்து, தொழிற்சாலையிலேயே தயாரான பிக்அப்பாக விற்றது. விலை 281 டாலர். விவசாயிகளும் சின்ன வியாபாரிகளும்தான் அதை வாங்கப்போகிறவர்கள். மூட்டை ஏற்றணும், இறக்கணும், அவ்வளவுதான். பிக்அப் பிறந்தது இப்படி, வேலைக்கான வண்டியாக. சட்டமும் அதை ரொம்ப காலத்துக்கு அந்தக் கண்ணோடுதான் பார்த்தது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

முன்பக்கம் வேகமாக வளர்ந்தது. பழைய ஹெட்லைட்டுகளில் பெரிய தொல்லை என்னவென்றால், உள்ளே ஈரமும் தூசியும் போய்ப் பின்னால் இருக்கும் கண்ணாடிப் பூச்சு மங்கிவிடும். 1940 மாடல் வண்டிகளில் அமெரிக்கா முழுக்க ‘சீல்டு பீம்’ வந்தது. பல்பு இழை, பிரதிபலிப்பான், முன் கண்ணாடி மூன்றையும் ஒரே துண்டாக மூடி முத்திரையிட்ட 7 அங்குல வட்ட விளக்கு. எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் அதே விளக்கு. ஒன்று போனால் அப்படியே கழற்றிவிட்டுப் புதுசை மாட்டலாம். கிராமத்துப் பட்டறையில்கூட கிடைக்கும். நல்ல யோசனை. ஆனால் விதி அதோடு உறைந்துபோனது. பல்பை மட்டும் மாற்றும் ஹெட்லைட்டுக்கு அமெரிக்காவில் 1983-இல்தான் அனுமதி கிடைத்தது.

பின்பக்கம் எப்படி இருந்தது? 1950-களின் தொடக்கம் வரை பல அமெரிக்க பிக்அப்புகளில் டெயில் லைட்டே ஒன்றுதான், இடது பக்கம் மட்டும். வலது பக்க விளக்கு வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்கணும். இண்டிகேட்டரும் அப்படித்தான். பியூக் கார் 1939-லேயே மினுக்கும் இண்டிகேட்டரைத் தொழிற்சாலையில் பொருத்தி விற்க ஆரம்பித்துவிட்டது. பிக்அப் ஓட்டுபவர்களில் நிறையப் பேர் அதற்குப் பிறகும் பல வருஷம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டித்தான் திரும்பினார்கள். ராத்திரியில் அந்தக் கை யாருக்குத் தெரியும்?

1968 தொடங்கி ‘தரநிலை 108’ என்ற மத்திய அரசு விதி கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தது. எந்த விளக்கு, என்ன நிறம், எவ்வளவு உயரம் எல்லாமே அதில் உண்டு. பிக்அப்பின் பக்கவாட்டில் முன்னால் ஆரஞ்சும் பின்னால் சிவப்பும் இருப்பது அதனால்தான். பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறவருக்கு வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று நிறமே சொல்லிவிடும். பெரிய பிக்அப்புகளின் நெற்றியில் ஐந்து ஆரஞ்சு விளக்குகள் பார்த்திருப்பீங்க. அது அலங்காரம் இல்லை. வண்டியின் அகலம் 80 அங்குலம் அல்லது அதற்கு மேல் என்றால், நடுவில் மூன்றும் ஓரங்களில் இரண்டும் எரிந்து ‘நான் அகலமானவன்’ என்று அறிவிக்கணும். இப்போ அதை ஸ்டைலுக்காக மாட்டுறவங்களும் இருக்காங்க, அது வேற கதை.

சரி, கூரை விளக்குக்கு வருவோம். அதற்கு முன்னால், இரண்டு பிரேக் லைட் ஏன் போதவில்லை என்று பார்க்கணும்.

பழைய அமெரிக்க வண்டிகளில் பின்னாலிருக்கும் ஒரே சிவப்பு விளக்கு மூன்று வேலை பார்க்கும். ஒரு பல்புக்குள் இரண்டு இழைகள். மங்கலான இழை டெயில் லைட். பிரகாசமான இழை பிரேக் லைட், அதுவே மினுக்கினால் இண்டிகேட்டர். பிரேக்கிலிருந்து வரும் மின்சாரம் இண்டிகேட்டர் சுவிட்ச் வழியாகத்தான் பின்னால் போகும். வலது பக்கம் திரும்ப சுவிட்சைப் போட்டுவிட்டு பிரேக்கையும் மிதித்தால், இடது விளக்கு மட்டும் நிலையாக எரியும், வலது மினுக்கும். பின்னால் வருகிறவர் அதை மனசுக்குள் மொழிபெயர்க்கணும்: திரும்புறானா? நிக்கிறானா? ரெண்டுமா? அதற்கு ஒரு நொடியில் பாதி போனாலும் நஷ்டம்தான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி என்றால் 11 மீட்டர்.

நம்ம ஊர் மாதிரி இண்டிகேட்டரை ஆரஞ்சு நிறத்தில் தனியாக வைத்திருக்கலாமே? வைக்கலாம். விதி இரண்டையும் அனுமதிக்கிறது. ஆனால் பிக்அப் டிரெய்லர் இழுக்கும் வண்டி. அங்கே சாதாரண டிரெய்லர் பிளக்கில் நான்கே ஒயர்கள்: வெள்ளை எர்த், பழுப்பு டெயில் லைட், மஞ்சள் இடது பக்கம், பச்சை வலது பக்கம். மஞ்சளிலும் பச்சையிலும் பிரேக்கும் இண்டிகேட்டரும் சேர்ந்தே பயணம் செய்யும். வண்டியில் தனி ஆரஞ்சு வைத்தால் டிரெய்லருக்காக இரண்டையும் மறுபடி சேர்க்க ஒரு கருவி மாட்டணும். பழைய ஒயரிங் இப்படித்தான் தன் ஆயுளை நீட்டிக்கொண்டது.

இந்தக் குழப்பத்துக்குத் தீர்வாக வந்ததுதான் பிரேக்குக்கு மட்டுமே ஆன ஒரு தனி விளக்கு. ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் சான் ஃபிரான்சிஸ்கோவில் 343 டாக்ஸிகளின் பின்பக்கம் நடுவில் கூடுதலாக ஒரு விளக்கைப் பொருத்தினார். வண்டி எவ்வளவு சடாரென்று வேகம் குறைகிறதோ, அவ்வளவு வேகமாக அது துடிக்கும். 1974-இல் முடிவுகள் வெளியாயின. அந்த விளக்கு இல்லாத டாக்ஸிகளோடு ஒப்பிட்டால், பின்னாலிருந்து இடிபடுவது சுமார் 60 சதவீதம் குறைந்திருந்தது.

அதன் பிறகு அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பும் தன் பங்குக்கு வண்டிகளில் பொருத்திச் சோதித்தது. துடிப்பெல்லாம் தேவையில்லை, உயரமான இடத்தில் நிலையாக எரியும் ஒரு சிவப்பு விளக்கு போதும் என்ற முடிவுக்கு வந்தது. ஏன் உயரம்? உங்களுக்கு முன்னால் போகும் காரின் கண்ணாடிகள் வழியாக, அதற்கும் முன்னால் போகும் வண்டியின் விளக்கு தெரியும். முதல் வண்டி பிரேக் போட்டது மூன்றாவது வண்டிக்கு உடனே தெரிந்துவிடும். எலிசபெத் டோல் போக்குவரத்துத் துறைச் செயலராக இருந்தபோது, 1983-இல் விதி வந்தது. 1985 செப்டம்பர் முதல் புதிய பயணிகள் கார் எல்லாவற்றுக்கும் கட்டாயம்.

பயணிகள் கார். அந்த இரண்டு வார்த்தையில் பிக்அப் வெளியே நின்றது. சட்டத்தின் கண்ணில் அது ‘டிரக்’. அது மட்டும் அல்ல, தலையணை மாதிரி சீட்டுக்கு மேலே இருக்கே ஹெட்ரெஸ்ட், பின்னாலிருந்து இடித்தால் கழுத்தைக் காப்பாற்றுவது, அதுவும் கார்களுக்கு 1969-இல் கட்டாயமானது. பிக்அப்புகளுக்கு 1991-இல். இருபத்திரண்டு வருஷம்! இத்தனைக்கும் 1980-களில் அமெரிக்காவில் அதிகம் விற்ற வண்டியே ஃபோர்டு எஃப்-சீரீஸ் பிக்அப்தான். மூட்டை தூக்கும் வண்டியில் குடும்பம் ஏறி உட்கார்ந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. விதியின் அகராதி மட்டும் மாறவில்லை.

கடைசியில் 1993 செப்டம்பரில் பிக்அப்புக்கும் அந்த விளக்கு வந்தது. எங்கே வைப்பது? தொட்டிக் கதவில் வைத்தால், நீளமான மரம் ஏற்றிக் கதவைத் திறந்து போட்டதும் விளக்கு வானத்தைப் பார்க்கும் அல்லது தரையைப் பார்க்கும். அதனால் பெரும்பாலும் கேபின் கூரையின் பின் விளிம்பு. அங்கே தொட்டிக்கு வெளிச்சம் அடிக்கும் வெள்ளை சரக்கு விளக்கும் இருக்கும். மூன்றாவது பிரேக் லைட்டோடு வேறு எந்த விளக்கையும் சேர்க்கக் கூடாது என்கிற விதி, சரக்கு விளக்குக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. வேலைக்கார வண்டிக்குச் சட்டம் காட்டிய சின்ன மரியாதை என்று எனக்குத் தோணும்.

பலன் 60 சதவீதமா? இல்லை. 1998-இல் அதே பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட நீண்டகால மதிப்பீட்டில், பின்னாலிருந்து மோதும் விபத்துகள் குறைந்தது 4.3 சதவீதம்தான். பிக்அப் மாதிரியான வண்டிகளிலும் ஏறக்குறைய அதே அளவு. சில நூறு டாக்ஸிகளில் மட்டும் இருந்தபோது அது எல்லார் கண்ணையும் இழுத்தது. எல்லா வண்டியிலும் வந்ததும் கண் பழகிவிட்டது. நம்ம மூளை அப்படித்தான்.

ஆனா 4.3-ஐக் குறைச்சு எடைபோடாதீங்க. எல்லா வண்டியிலும் இந்த விளக்கு இருந்தால், ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் மோதல்களும் 58,000-க்கு மேற்பட்ட காயங்களும் தவிர்க்கப்படும் என்பது அந்த அறிக்கையின் கணக்கு. ஒரு பல்பு, ஒரு ஒயர், பிரேக் பெடலில் ஏற்கனவே இருக்கும் சுவிட்ச். இவ்வளவுதான் செலவு. எட்டு வருஷம் தாமதம் என்று நான் சொன்னதன் எடை இப்போ புரியும். அந்த எட்டு வருஷத்தில் பிக்அப்பில் போனவர்களில் சிலருக்குக் கழுத்து வலி மிச்சமாகியிருக்கலாம். யாருக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. அதனாலேயே யாரும் கேட்கவும் இல்லை.

இன்றைய சண்டை மறுபடி முன்பக்கத்துக்கு வந்திருக்கு. அமெரிக்க விதிப்படி ஹெட்லைட்டை 54 அங்குல உயரம் வரை வைக்கலாம். உயரமான பிக்அப்பின் எல்இடி வெளிச்சம் எதிரே வரும் சின்னக் காரின் டிரைவர் கண்ணுக்கு நேராக அடிக்கும். தொட்டியில் பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு தூக்கும். அப்போ இன்னும் மோசம். எதிரே வருகிறவர் மீது படும் ஒளியை மட்டும் தானாகக் குறைக்கும் ஹெட்லைட்டுக்கு 2022-இல்தான் அங்கே அனுமதி கிடைத்தது. அனுமதிதான், கட்டாயம் இல்லை.

கேபினுக்குள் உட்கார்ந்திருப்பவருக்குச் சாலை பகல் மாதிரி தெரியுது. அவருக்குக் குறை எதுவும் இல்லை. கண் கூசுறது எதிரே வருகிறவருக்கு. அந்த ஆள் இந்த வண்டியை வாங்கப்போகிறவர் இல்லை. 1915-இல் பின்னால் மண்ணெண்ணெய் விளக்கோடு போன வண்டிக்கும் இதுக்கும் நடுவில் தொழில்நுட்பம் எங்கேயோ போயிடுச்சு. அடுத்தவர் கண்ணுக்கு யார் செலவு செய்யணும் என்கிற கேள்வி மட்டும் நின்ன இடத்திலேயே நிக்குது.

அடுத்த எபிசோடில் பார்ப்போம். அதுவரைக்கும், டிம் பண்ணி ஓட்டுங்க.