கருவின் கதை - 5: பேயர் பார்த்த மஞ்சள் புள்ளி

பிள்ளை உருவாவதில் தாயின் பங்கு என்ன? தந்தை தச்சன், தாய் தருவது மரம், உருவம் கொடுப்பவன் தந்தைதான் என்றார் அரிஸ்டாட்டில். இந்தக் கருத்தின் பிடியிலிருந்து ஐரோப்பா விடுபட ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின.

இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, மன்னர் முதலாம் சார்லஸ் வேட்டையாடிய பெண் மான்களை அவை இணைசேரும் பருவத்தில் அறுத்துப் பார்த்தார். கருப்பையில் விந்தும் இல்லை, உறைந்த இரத்தமும் இல்லை. வாரக்கணக்கில் எதுவுமே தட்டுப்படவில்லை. ஆனாலும், உயிர்கள் எல்லாம் முட்டையிலிருந்தே வருகின்றன என்று 1651-ல் எழுதினார். பாலூட்டியின் முட்டையை அவர் கண்ணால் கண்டதே இல்லை.

அதற்கு மிக நெருங்கிப் போனவர் டெல்ஃப்ட் நகர மருத்துவர் ரெனியர் டி கிராஃப். இணைசேர்ந்த பெண் முயல்களை வெவ்வேறு இடைவெளிகளில் அறுத்து, சினைப்பையில் வெடித்திருந்த கொப்புளங்களை எண்ணி, உள்ளே வளரும் கருக்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டார். மூன்றாம் நாள் கருக்குழாயில் சின்னஞ்சிறு உருண்டைகளையும் கண்டார். ஆனால் அவை கொப்புளத்தைவிட மிகச் சிறியவை. கொப்புளமே முட்டை என்றால் அது எப்படிச் சுருங்கியது? இந்தக் கேள்விதான் அவரது எதிரிகளுக்கு ஆயுதமானது. 1672-ல் நூல் வந்தது. மறுவருடமே, 32 வயதில், இறந்துபோனார். இன்னும் பத்து வருடம் இருந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

சாவதற்குச் சில மாதங்கள் முன்பு லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதி, தன் ஊர்க்காரர் லீவன்ஹூக்கை அறிமுகப்படுத்தியவரும் டி கிராஃப்தான். அந்த லீவன்ஹூக் 1677-ல் விந்தணுக்களைக் கண்டார். முழுக் குழந்தையும் விந்தணுவுக்குள்ளேயே இருக்கிறது, தாய் அதற்கு இடம் மட்டுமே தருகிறாள் என்ற கட்சி மறுபடி தலைதூக்கியது.

தாயின் முட்டையை ஒருவர் பார்க்க மேலும் 150 ஆண்டுகள் ஆயின. 1827, கோனிக்ஸ்பெர்க். சக பேராசிரியர் புர்டாக் வீட்டில் வளர்ந்த பெண் நாய் ஒன்றை அறுத்தார் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபொன் பேயர். சினைப்பைக் கொப்புளத்துக்குள் மங்கலாக ஒரு மஞ்சள் புள்ளி. கொப்புளத்தைக் கீறி, கத்தி நுனியால் அதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பார்த்ததும் மின்னல் தாக்கியதுபோல் பின்வாங்கினாராம். மறுபடி கண் வைக்கவே தைரியம் வரவில்லை என்று பின்னாளில் எழுதினார். கொப்புளம் வெறும் பைதான், முட்டை அதற்குள் இருக்கும் துளி. டி கிராஃபின் புதிர் அவிழ்ந்தது.

முட்டையும் விந்தணுவும் என்ன செய்கின்றன என்பதற்கு இன்னும் அரை நூற்றாண்டு. கண்ணாடிபோல் தெளிந்த கடல் முள்ளெலி முட்டைக்குள் இரு உட்கருக்கள் ஒன்றாவதை ஆஸ்கர் ஹெர்ட்விக் 1876-ல் விவரித்தார். 1883-ல் பெல்ஜியத்தின் எட்வார்ட் வான் பெனெடன், குதிரையின் குடற்புழுவில் குரோமோசோம்களை எண்ணினார். தந்தையிடமிருந்து எத்தனையோ, தாயிடமிருந்தும் அத்தனையே.

(தொடரும்)