ஆளை நீக்கலாம், குறையை நீக்க முடியுமா?

 

தொழிலாளிக்குக் கைகொடுப்பது வேலைநிறுத்தமா, பேச்சுவார்த்தையா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார்: "நாம இல்லாம வேலை நடக்காதுன்னா நாமதான் ராஜா. வேலையை நிறுத்து, தானா இறங்கி வருவான்!" கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்படி நம்பி இறங்கினவங்க கதை ஒண்ணு இருக்குதுங்க. நடந்த இடம் அமெரிக்கா. வருஷம் 1981.

ஆகாயத்தில் விமானம் பறக்குதே, அங்கே ரோடு கிடையாது, சிவப்பு விளக்கு கிடையாது. "நீ இந்த உயரத்துல போ, நீ கொஞ்சம் பொறு, நீ இப்ப இறங்கு" என்று கீழேயிருந்து ஒருவர் சொல்கிறார். அவர்தான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். அவர் எதிரே ரேடார் திரை. திரையில் ஊர்ந்து போகும் ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனையோ உயிர். நாம கணக்குல தப்புப் பண்ணினா ரப்பரால அழிச்சுக்கலாம். அவர் தப்புப் பண்ணினா அழிக்க எந்த ரப்பரும் கிடையாது!

அமெரிக்காவில் இவர்கள் மத்திய அரசு ஊழியர்கள். 1968-ல் 'பேட்கோ' என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். 1981-ல் அவர்கள் கேட்டது என்ன? வருஷத்துக்கு 10,000 டாலர் சம்பள உயர்வு. வாரம் 40 மணி நேர வேலையை 32 ஆகக் குறைக்கணும். சீக்கிரம் ஓய்வு பெற வழி வேணும். கருவிகள் பழசாப் போச்சு, மாத்தணும்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்க. 1980 ஜனாதிபதித் தேர்தலில் ரொனால்டு ரீகனை ஆதரித்த சங்கங்களில் இதுவும் ஒன்று. ரீகனும் சங்கத் தலைவர் ராபர்ட் போலிக்குக் கடிதம் எழுதினார். நவீனக் கருவி தருவேன், போதுமான ஆள் போடுவேன் என்றார். அதுமட்டுமா? ரீகன் யாரு? சினிமா நடிகர் சங்கத் தலைவராக இருந்து, 1960-ல் தானே ஒரு வேலைநிறுத்தத்தை நடத்தியவர்! "நம்ம ஆளுதான்" என்று இவர்கள் நினைத்ததில் என்ன தப்பு?

பேச்சுவார்த்தை நடந்தது. 1981 ஜூனில் தலைவர் அளவில் ஓர் உடன்பாடும் வந்தது. ஓட்டுக்கு விட்டார்கள். "இது போதாது" என்று 95 சதவீதம் உறுப்பினர்கள் தள்ளிவிட்டார்கள். நாம நின்னா வானமே நிக்கும் என்ற நம்பிக்கை!

ஆகஸ்ட் 3, காலை. சுமார் 13,000 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்று அங்கே சட்டம் இருந்தது. அன்றைக்கே ரீகன் சொன்னார்: 48 மணி நேரம் தருகிறேன், திரும்பாதவர்களுக்கு வேலை இல்லை. திரும்பியவர்கள் சுமார் 1,300 பேர்தான்.

வானம் நின்றதா நடுவர் அவர்களே? முதலில் தடுமாறியது. பாதி அளவுக்கு விமானங்கள் ரத்தாயின. ஆனால் மேற்பார்வையாளர்கள் ரேடார் முன்னால் உட்கார்ந்தார்கள். வேலைநிறுத்தத்தில் சேராதவர்கள் உட்கார்ந்தார்கள். ராணுவத்திலிருந்தும் ஆள் வந்தது. விமானிகள் ஓட்டுவதை நிறுத்தவில்லை. சராசரிக் குடும்பத்தைவிட அதிகம் சம்பாதிக்கிறவங்க இன்னும் 10,000 டாலர் கேட்கிறாங்களே என்று பயணம் கெட்ட ஜனங்களும் முகம் சுளித்தார்கள்.

ஆகஸ்ட் 5. 11,345 பேர் வேலை நீக்கம்! இனி ஆயுளுக்கும் மத்திய அரசு வேலை கிடையாது என்று தடை. அக்டோபரில் சங்கத்தின் அங்கீகாரமும் ரத்து. 11,345 என்பது வெறும் எண் இல்லீங்க. வாடகை கட்டவேண்டிய வீடு, ஃபீஸ் கட்டவேண்டிய பிள்ளை.

அடி இவர்கள் மேல் மட்டுமா விழுந்தது? ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட பெரிய வேலைநிறுத்தங்கள் 1979-ல் அந்த நாட்டில் 235. இருபது வருஷம் கழித்து, 1999-ல் வெறும் 17. காரணங்கள் பல உண்டு. ஆனால் "அரசாங்கமே இப்படிச் செய்யுது, நாம செய்தா என்ன" என்ற துணிச்சல் முதலாளிகளுக்கு வந்தது இதிலிருந்துதான் என்பவர்கள் அநேகம்.

சரி, அப்போ அரசாங்கம் ஜெயிச்சுதா? அதுதான் இல்லை!

வீட்டில் அம்மா, "மிக்ஸி ஷாக் அடிக்குது, மாத்தித் தாங்க, இல்லேன்னா சமைக்க மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அப்பாவுக்கு ரோஷம். அம்மாவை ஊருக்கு அனுப்பிவிட்டுச் சமையலுக்கு ஆள் வைத்தார். (சிரிப்பு) வந்த ஆளும் அதே மிக்ஸியைத்தானே தொடணும்? அந்த ஆளும் நாளைக்கு, "ஐயா, ஷாக் அடிக்குது" என்றுதானே சொல்வார்! (கைதட்டல்)

அங்கேயும் அதுவே நடந்தது. கட்டுப்பாட்டாளர் ஒருவரை முழுசாத் தயார் செய்ய வருஷக்கணக்கில் பயிற்சி வேணும். போன ஆட்களின் இடத்தை நிரப்பப் பல வருஷம் ஆனது. இருந்தவர்கள் கூடுதல் நேரம் உழைத்தார்கள். ஆறே வருஷத்தில், 1987-ல், புதிதாக வந்தவர்களே இன்னொரு சங்கம் அமைத்தார்கள். ஆள் பற்றாக்குறை, பழைய கருவி, அதிக வேலை என்று அதே பல்லவி! 1993-ல் ஜனாதிபதி கிளின்டன் தடையை நீக்கினார். திரும்பவும் கட்டுப்பாட்டாளர் வேலை கிடைத்தது சில நூறு பேருக்குத்தான். ஆத்திரத்தில் அறுத்த மூக்கு சிரித்தால் வருமா?

எதிரணி நண்பர் சும்மா இருப்பாரா? "2019-ஐச் சொல்லு" என்பார். சொல்கிறேன். பட்ஜெட் சண்டையில் 35 நாள் அமெரிக்க அரசு முடங்கியது. கட்டுப்பாட்டாளர்கள் சம்பளமில்லாமலே வேலை பார்த்தார்கள். ஜனவரி 25 அன்று சிலர் உடம்பு சரியில்லை என்று வரவில்லை. நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்துக்கு வரவேண்டிய விமானங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அன்றைக்கே முடக்கம் முடிந்தது. ஆனால் நண்பரே, சங்கம் அங்கே வேலைநிறுத்தம் அறிவிக்கவே இல்லை. அவர்கள் கூடுதலாகவும் கேட்கவில்லை. செய்த வேலைக்குக் கூலி கேட்டார்கள். அந்த நியாயம் ஜனங்களுக்குப் புரிந்திருந்தது. 1981-ல் இல்லாமல் போனது அதுதான்.

ஆகவே நடுவர் அவர்களே, "நான் இல்லாம நடக்காது" என்று தொழிலாளி நினைத்ததும் தப்புக் கணக்கு. "நீ இல்லாம நடத்திக் காட்டுறேன்" என்று அரசாங்கம் நினைத்ததும் தப்புக் கணக்கு. ஆளை நீக்கலாம், குறையை நீக்க முடியாது. குறை தீரணும்னா ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் ஆகணும். 11,345 பேர் வீட்டுக்குப் போன பிறகு உட்காருவதைவிட, அதற்கு முன்னாடியே உட்கார்ந்திருந்தால் எத்தனை வீட்டு அடுப்பு அணையாமல் இருந்திருக்கும்!

எனவே தொழிலாளிக்குக் கைகொடுப்பது பேச்சுவார்த்தையே, பேச்சுவார்த்தையே என்று சொல்லி அமர்கிறேன். (கைதட்டல்)