ஜன்னல் அடைத்த ரயில் பெட்டி



நம் வளாகத்தில் அதிகம் பேசப்படும் விஷயம் தண்ணீருக்கு அடுத்தபடியாகக் கார் பார்க்கிங்தான். இருக்கிற இடத்தில் இன்னும் இரண்டு கார்களை எப்படி நுழைப்பது என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். உலகம் முழுவதும் ரயில்வேக்காரர்கள் நூறு வருடங்களாக இதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் உங்களுக்குச் சற்று ஆறுதலாக இருக்கலாம். தொழிற்சாலையிலிருந்து புதிய கார்களை ஏற்றிச் சென்ற ரயில் வாகன்களைப் பற்றியது இந்தக் கட்டுரை.

இந்த ஆர்வம் எனக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வங்கியில் கடன் பிரிவில் பல வருடங்கள் இருந்தேன். கார் லோன் என்றால் இன்வாய்ஸ், இன்ஷூரன்ஸ், ஹைபாதிகேஷன் எல்லாம் சரிபார்த்து ஃபைலைக் கட்டி மேலே அனுப்புவது என் வேலை. நூற்றுக்கணக்கான கார்கள் என் மேஜை வழியாகக் காகிதமாகப் போயின. அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து ஷோரூமுக்கு எப்படி வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு அட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் ரயில் மாடல் செய்யும் பொழுதுபோக்கு பிடித்துக்கொண்டது. மாடல் செய்பவனால் எதையும் மேலோட்டமாகப் பார்க்க முடியாது. இந்தக் கதவு ஏன் இங்கே இருக்கிறது, இந்தச் சக்கரம் ஏன் சின்னதாக இருக்கிறது என்று கேட்டால்தான் கத்தரிக்கோல் நகரும். அப்படிக் கேட்டதில் கிடைத்தவை இவை.

அமெரிக்காவில் ஆரம்பத்தில் புதிய கார்கள் சாதாரண மூடிய சரக்குப் பெட்டிகளில்தான் போயின. பக்கவாட்டுக் கதவு வழியாகக் காரை உள்ளே தள்ளித் திருப்பி நிறுத்துவது பெரும்பாடு. 40 அடிப் பெட்டியின் தரையில் இரண்டு கார்களுக்கு மேல் வசதியாக நிற்காது. தலைக்கு மேலே இடம் வீணாகும். 1930களில் எவான்ஸ் என்ற நிறுவனம் பெட்டிக்குள் பொருத்தும் இரும்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு காரைச் சாய்வாக மேலே தூக்கிக் கட்டினால் அதற்குக் கீழே இன்னொரு கார் நிற்கும். இரண்டு நான்கானது. இந்தச் சட்டம் பொருத்திய பெட்டியின் கதவில் வெள்ளைப் பட்டை ஒன்றை அடித்திருந்தார்கள். இன்றைக்கு அந்தக் காலத்துப் பெட்டியை மாடல் செய்பவர்கள் அந்த வெள்ளைப் பட்டையை விடாமல் போடுவார்கள். விஷயம் தெரிந்தவருக்கு, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அது சொல்லிவிடும்.

அப்படியும் லாரிகளோடு போட்டி போட முடியவில்லை. 1950களில் புதிய கார்களில் பெரும்பகுதி சாலைக்குப் போய்விட்டது. 1960ஐ ஒட்டி இரண்டு, மூன்று அடுக்குத் திறந்த வாகன்கள் வந்தபிறகுதான் ரயில்வே இழந்த வியாபாரத்தைத் திரும்பப் பிடித்தது. மூன்று அடுக்கு வாகனில் 15 கார்கள் வரை போகும். காரை ஓட்டியே ஏற்றலாம், ஓட்டியே இறக்கலாம். ஆனால் திறந்த வாகன் அல்லவா? வழியில் கல்லெறிபவர்களும் உதிரிபாகம் திருடுபவர்களும் புகுந்து விளையாடினார்கள். அதனால் பின்னாளில் பக்கங்களுக்குத் தகடு வந்தது, கூரை வந்தது, கோடிக் கதவுகள் வந்தன. ஆக, வாகனின் உருவத்தைப் பார்த்தே அது எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம்.

பார்க்கிங் கமிட்டி கவனிக்க வேண்டிய வாகன் ஒன்றும் உண்டு. 1970இல் ஜெனரல் மோட்டார்ஸ் 'செவ்ரலே வேகா' என்ற சிறிய காரை ஒஹையோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுன் தொழிற்சாலையில் தயாரிக்கத் தொடங்கியது. அதற்காக சதர்ன் பசிபிக் ரயில்வேயோடு சேர்ந்து 'வெர்ட்-ஏ-பேக்' என்ற வாகனை உருவாக்கினார்கள். இதில் கார்கள் படுத்துப் போகவில்லை. மூக்கைக் கீழே வைத்துச் செங்குத்தாகத் தொங்கின. வாகனின் பக்கச் சுவரே கதவுகள்தான். கதவு கீழ்ப்பக்கம் கீல் வைத்துத் தரைக்குச் சாயும். காரை அதன்மேல் ஓட்டி நிறுத்தி அடியில் கொக்கி மாட்டுவார்கள். பிறகு ஃபோர்க்லிஃப்ட் வந்து கதவைக் காரோடு தூக்கி மூடிவிடும். மூன்று அடுக்கில் 18 வேகா பிடிக்கும் இடத்தில் இதில் 30 பிடித்தது.

இதற்காகக் காரையே மாற்ற வேண்டியிருந்தது. தலைகீழாக நிற்கும்போது ஆயில் முதல் சிலிண்டருக்குள் வழியாமல் இருக்க எஞ்சினில் ஒரு தடுப்பு வைத்தார்கள். பேட்டரி அமிலம் கொட்டாதபடி மூடியைப் பின்பக்க விளிம்புக்கு நகர்த்தினார்கள். கண்ணாடி துடைக்கும் தண்ணீர் பாட்டிலைக்கூட 45 டிகிரி சாய்த்து வைத்தார்கள். இறக்கியதும் சாவி போட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். அபாரமான மூளைதான். ஆனால் அந்த வாகனில் வேறு சரக்கு எதையும் ஏற்ற முடியாது. 1977இல் வேகா நின்றது. வாகனுக்கும் வேலை போயிற்று. மேல்பகுதியை உடைத்துவிட்டு அடித்தளத்தை மட்டும் வேறு உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரே வாடிக்கையாளரை நம்பி முதலீடு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு பி.காம். பாடப் புத்தகத்தில் இதைவிட நல்ல உதாரணம் நான் படித்ததில்லை.

இங்கிலாந்தின் பிரச்சினை வேறு. அங்கே பாலங்களும் சுரங்கங்களும் தாழ்வு. இரண்டு அடுக்கு வைத்தால் மேலே இடிக்கும். 1960களின் நடுவில் வந்த 'கார்ட்டிக்-4' என்ற வாகன் தொகுப்பு இதற்கு அழகான விடை கண்டது. நான்கு வாகன்களைப் பிரிக்க முடியாதபடி ஒன்றாகக் கோத்தார்கள். தனித்தனியாக இருந்தால் எட்டுச் சக்கரச் சட்டங்கள் வேண்டும். பக்கத்து வாகன்கள் ஒரே சட்டத்தின்மேல் தோளைச் சாய்த்துக்கொண்டதால் ஐந்தே போதுமானது. சக்கரங்களைச் சின்னதாக்கி, சட்டங்களுக்கு நடுவே தரையைத் தாழ்த்தி, இரண்டாவது அடுக்குக்கு உயரம் சம்பாதித்தார்கள். இந்த வாகன்கள் ஸ்காட்லாந்தின் லின்வுட்டில் கட்டப்பட்டன. ரூட்ஸ் நிறுவனம் 'ஹில்மன் இம்ப்' என்ற சிறிய காரை 1963 முதல் தயாரித்ததும் அதே ஊரில்தான். காரும் அங்கே, காரைச் சுமக்கும் வாகனும் அங்கே. 1981இல் அந்தக் கார் தொழிற்சாலை மூடப்பட்டது.

கார்ட்டிக் புகழ்பெற்றதற்குப் பொம்மைக் கடைக்கும் பங்குண்டு. 1960களிலேயே ட்ரையாங் ஹார்ன்பி நிறுவனம், 'மினிக்ஸ்' என்ற சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கார்களோடு இரண்டு அடுக்குக் கார் வாகன்களைக் குழந்தைகளுக்காக விற்றது. அன்றைக்கு வாங்கிய பிள்ளைகள்தான் இன்றைக்கு நரைத்த தலையோடு அதை அங்குலம் அங்குலமாகத் திருத்திச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஆனால் என் மனதில் தங்கியது கார்ட்டிக் அல்ல. அதன் ஏழைச் சகோதரன் 'கார்ஃப்ளாட்'. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. நீளமான தட்டையான தளம், ஓரத்தில் தாழ்ந்த கம்பி, மேலே வரிசையாகக் கார்கள். அந்தத் தளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பயணிகள் பெட்டிகளிலிருந்து. மேல்கூட்டை அகற்றிவிட்டு அடிச்சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் அங்கே பயணிகள் பெட்டிகள் உபரியாகக் கிடந்தன. கோடை விடுமுறையில் சில நாட்கள் மட்டும் ஓடுவதற்காக ஆயிரக்கணக்கான பெட்டிகளை வருடம் முழுவதும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று 1963இல் வந்த பீச்சிங் அறிக்கை கணக்குக் காட்டியது. 2,363 நிலையங்களை மூடச் சொன்னதும் அதே அறிக்கைதான். மக்கள் ரயிலை விட்டு ஏன் போனார்கள்? முக்கியக் காரணங்களில் ஒன்று, சொந்தக் கார். தன்னிடமிருந்து பயணிகளைப் பறித்த காரையே அந்தப் பெட்டி வாழ்நாளின் கடைசிவரை முதுகில் சுமந்துகொண்டு போனது. இதைப் படித்த அன்று நான் மாடல் வேலையை நிறுத்திவிட்டு வெகுநேரம் பால்கனியில் உட்கார்ந்திருந்தேன்.

இதே கதை நம் ஊரிலும் உண்டு. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2ஆம் தேதி பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் வடிவமைப்பு. நாம் எல்லோரும் ஊருக்குப் போன நீல நிற, அதற்கு முன் செங்கல் நிறப் பெட்டிகள் அந்த வகைதான். அந்தப் பெட்டிக்கு ஆயுள் 25 வருடம். அதற்குப் பிறகு சிலவற்றுக்கு இன்னொரு பிறவி உண்டு. சீட், பெர்த், கழிப்பறை எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, இரண்டு கோடியிலும் அகலமான கதவு வைப்பார்கள். என்.எம்.ஜி., அதாவது 'நியூ மாடிஃபைட் கூட்ஸ்' என்று பெயர் மாறும். ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே தகட்டுப் பாலம் போட்டுவிட்டால், கடைசிப் பெட்டியில் ஏறும் கார் ரயிலின் உள்ளேயே ஓடி முதல் பெட்டிவரை போய்விடும். 25 பெட்டி ரேக்கில் சுமார் 125 சிறிய கார்கள். நம் பக்கத்தில் வாலாஜாபாத்தில் இப்படித்தான் கார்கள் ரயிலேறுகின்றன. இப்போது கார்களுக்கென்றே கட்டப்பட்ட இரண்டு அடுக்கு வாகன்கள் வந்துவிட்டன. அவற்றில் ஒரு ரேக்குக்கு 300க்கு மேல் போகும். ஐ.சி.எஃப்.பும் பழைய வகைப் பெட்டி தயாரிப்பதை 2018 ஜனவரியில் நிறுத்திவிட்டது. ஆகவே, என்.எம்.ஜி. பெட்டிகளும் ஒரு நாள் மறைந்துபோகும். மறைவதற்குள் ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

87இல் 1 பங்கு அளவு. 21.3 மீட்டர் பெட்டி 24.5 சென்டிமீட்டரில் அடங்கிவிடுகிறது. அகலம் 3.7 சென்டிமீட்டர். ஒரு சான்ட்ரோ கார் நான்கு சென்டிமீட்டர். ஐந்து கார்கள் சௌகரியமாக நிற்கும். கடையில் விற்கும் மாடல் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர், அது ஐரோப்பிய அகலத்துக்குச் சரி. நம் அகலப்பாதைக்கு 19.3 வேண்டும். அதனால் தண்டவாளத்தையும் நானே ஒட்டினேன்.

முடித்ததும் சி பிளாக்கில் இருக்கும், ஐ.சி.எஃப்.பில் ஓய்வு பெற்ற நண்பரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஜன்னல் இருந்த இடமே தெரியாமல் சுவரை வழவழவென்று செய்திருந்தேன், பெருமையாக. அவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஜன்னல் எங்க சார்?"

"அடைச்சிடுவாங்களே சார், அதான்."

"அடைச்சாலும் தடம் போகாது சார். தகட்டோட ஓரம் தெரியும், வெல்டிங் தெரியும். எத்தனை ஜன்னல் இருந்துச்சுன்னு வெளியிலேர்ந்தே எண்ணிடலாம்."

அப்புறம்தான் சொன்னார். ஃபர்னிஷிங் பிரிவில் பல வருடங்கள் அவர் செய்த வேலை, அந்த ஜன்னல் ஷட்டர்களைப் பொருத்துவது. மேலும் கீழும் இழுத்துப் பார்த்து, சிக்காமல் ஓடினால்தான் அடுத்ததற்குப் போவாராம். முதன்முதலில் ஒரு யார்டில் என்.எம்.ஜி. பெட்டியைப் பார்த்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்ததா என்று கேட்டேன்.

"இருந்துச்சு சார். அப்புறம் யோசிச்சேன். வெட்டி எடைக்குப் போடாம ஓடுதுல்ல. அது போதும்னு இருந்துட்டேன்."

வீட்டுக்கு வந்து சுவர்கள் இரண்டையும் பிரித்தேன். ஒவ்வொரு ஜன்னல் இடத்திலும் மெல்லிய அட்டைத் தகடு ஒட்டி, ஓரத்தில் பசையால் வெல்டிங் கோடு போட்டேன். நான்கு நாள் வேலை. என் கைவேலைகளில் கணக்கு சரியாக வந்தது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பார்த்த குழந்தைகள் எல்லோரும் கேட்கும் கேள்வி, "உள்ளே கார் எங்கே தாத்தா?" என்பது. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. கார் வாகன் போகும்போது நிறைந்து போகும். திரும்பும்போது பெரும்பாலும் காலியாகத்தான் வரும். அந்தக் காலி ஓட்டத்தின் செலவும் கார் விலைக்குள்தான் இருக்கிறது. நான் பாஸ் செய்த இன்வாய்ஸ்கள் எதிலும் அதற்குத் தனி வரி இருந்ததில்லை. அதனால் என் பெட்டி வீடு திரும்பிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செயலாளர் அனுமதியோடு இந்த மாடலைக் கிளப் ஹவுஸ் நூலக அலமாரியில் ஒரு மாதம் வைத்திருக்கிறேன். பிள்ளைகளோடு வந்து பாருங்கள். ஜன்னல் தடங்களை எண்ணச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு ஆல்பத்தில் பழைய ரயில் பெட்டியோ, கூட்ஸ் ஷெட்டோ பின்னணியில் விழுந்த போட்டோ ஏதாவது இருந்தால், ஒரு பிரதி எடுத்துக்கொள்ள எனக்குத் தந்து உதவுங்கள். கல்யாண போட்டோவாக இருந்தாலும் பரவாயில்லை. நான் பின்னணியை மட்டும்தான் பார்ப்பேன்.