செவ்வாயின் காற்றை அளந்த கதிர்



சாணக் குழியிலும் சதுப்பு நிலத்திலும் ஒரு வாயு குமிழியிட்டு எழும்புகிறது. அதன் பெயர் மீத்தேன். பூமியில் அதன் பெரும்பகுதி உயிர்களால் உண்டாவது. செவ்வாய்க் கிரகத்திலும் அது இருந்தால், அங்கும் உயிர் உண்டோ என்ற ஐயம் எழுமல்லவா? பாறையும் நீரும் சேர்ந்தாலும் மீத்தேன் பிறக்கக்கூடும். ஆகவே, முதலில் அது இருக்கிறதா என்று அறிய வேண்டும். அதற்காக உருவான கருவியின் கதையை இன்று பார்ப்போம்.

1800ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடியால் பல நிறங்களாகப் பிரித்தார். சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கே வெப்பம் ஏறியது! அதுவே அகச்சிவப்புக் கதிர். பல வாயுக்கள் இக்கதிரில் தத்தமக்கே உரிய அலைநீளங்களை விழுங்குகின்றன என்பது பின்னர் தெரிந்தது. கைரேகையால் ஆளை அறிவதுபோல, இதனால் அத்தகைய வாயுவை அறியலாம்.

1960இல் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் முதல் லேசரை இயக்கினார். லேசர், சிதறாமல் செல்லும் ஒரே நிறக் கதிர். ஆனால் மீத்தேனுக்கு ஏற்ற அகச்சிவப்பு லேசர்களைக் கடுங்குளிரில் வைத்தே இயக்க வேண்டியிருந்தது. வேறு கோளுக்கு அனுப்ப அது பெருந்தடை. 1990களில் ருய் யாங் என்ற அறிஞர் புதுவழி கூறினார். மெல்லிய படலங்களை அடுக்கினால், எலக்ட்ரான் படிப்படியாக இறங்கி, படிக்கொரு முறை ஒளி தரும். இவ்வகை லேசரையே விஞ்ஞானிகள் கியூரியாசிட்டி ஊர்தியில் பொருத்தினர். 2012 ஆகஸ்டு 6ஆம் நாள் அது செவ்வாயில் இறங்கியது.

அதன் சிறு அறை ஏறத்தாழ ஒரு சாண் நீளமே. கண்ணாடிகளுக்கிடையே கதிர் 81 முறை சென்று, சுமார் 17 மீட்டர் பயணம் செய்கிறது.

முதலில் மீத்தேன் தெரிந்தது. ஆனால் அது செவ்வாயினுடையதன்று! புறப்படுமுன் புளோரிடாவில் கருவிக்குள் புகுந்த பூமியின் காற்று! விஞ்ஞானிகள் அறையை வெறுமையாக்கி ஒருமுறையும், நிரப்பி ஒருமுறையும் அளந்து கழித்துப் பார்த்தனர். மீத்தேன் தென்படவில்லை என்று 2013இல் தயங்காமல் அறிவித்தனர். பின்னர் நூறு கோடியில் 7 பங்கு வரை ஏறியதாக 2014இலும், பருவத்துக்கேற்ப ஏறி இறங்குவதாக 2018இலும் கூறினர். ஆனால் செவ்வாயைச் சுற்றும் ஐரோப்பிய, ரஷ்யக் கலம் மீத்தேனைக் காணவில்லை என்று 2019இல் செய்தி வந்தது.

எது சரி? வழக்கு இன்னும் தீரவில்லை. தன் கருவியையே முதலில் சந்தேகித்துப் பார்த்த அந்த நேர்மையை, நேயர்களே, நம் பிள்ளைகளுக்கும் சொல்வோம்.