24 வருஷம் தப்பான பெயரில் கிடந்த மேகமலை வௌவால்... சலீம் அலி பெயர் வந்தது எப்படி?

சின்னமனூரில் இருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் மேகமலை. தேயிலைத் தோட்டம், பனிமூட்டம், யானைக் கூட்டம்... சுற்றுலா போறவங்களுக்குத் தெரிந்தது இதுதான். ஆனால் விலங்கியல் உலகில் இந்த மலைக்கு இன்னொரு பெருமை உண்டு. அரிய வகை 'சலீம் அலி பழந்தின்னி வௌவால்' முதன்முதலில் கிடைத்தது இங்கேதான்.

1948-ல் என்ன நடந்தது?

அப்போது மேகமலைக்கு 'ஹை வேவி மவுண்டன்ஸ்' என்று பெயர். தோட்டத் தொழிலில் இருந்த இயற்கை ஆர்வலர் ஆங்கஸ் ஹட்டன், இங்குள்ள காபித் தோட்டப் பகுதியில் ஒரு வௌவாலைப் பிடித்தார். அதன் உடல் பதப்படுத்தப்பட்டு, பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனது. அங்கே, நம்ம ஊரில் சாதாரணமாகப் பார்க்கும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று லேபிள் ஒட்டி வைத்துவிட்டார்கள்.

தவறு தெரிந்தது எப்படி?

தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தாங்லாங்யா அதை மறுபடி ஆராய்ந்தார். குறுமூக்கு வௌவாலுக்குச் சின்ன வால் இருக்கும்; இதற்கு வாலே இல்லை. அதற்கு மேல் தாடையில் 4, கீழ்த் தாடையில் 4 முன்பற்கள். இதற்கு மேலே 2, கீழே 2 மட்டும்தான்.

இவ்வளவு வித்தியாசம் இருந்ததால் பழைய பேரினத்தில் இதைச் சேர்க்க முடியவில்லை. 1972-ல் புதிய பேரினமே உருவாக்கப்பட்டது. இன்றுவரை அதில் இருப்பது இந்த ஒரே இனம்தான்!

பெயருக்கு என்ன அர்த்தம்?

அறிவியல் பெயரில் முதல் சொல் பேரினம், இரண்டாவது இனம். இதன் பெயர் 'லாட்டிடென்ஸ் சலிமாலி'. 'லாட்டிடென்ஸ்' என்றால் லத்தீனில் 'அகலமான பல்'. இரண்டாவது சொல், அந்தக் கழகத்தோடு பல ஆண்டுகள் இணைந்து உழைத்த பறவையியலாளர் சலீம் அலிக்குச் செய்த மரியாதை.

இன்னொரு சுவாரஸ்யம்: சுமார் 2 கிராம் எடையே உள்ள, உலகின் மிகச் சிறிய வௌவாலுக்கு 1974-ல் கிட்டியின் பெயரையே வைத்தார்கள்.

பெயர் மாறினால் என்ன லாபம்?

சட்டம் பாதுகாப்பு கொடுப்பது பட்டியலில் உள்ள பெயரைப் பார்த்துத்தான். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள் எலி, காக்கையோடு 'தொல்லை தரும் உயிரினம்' பட்டியலில் இருந்தன. அந்தப் பட்டியல் 2022 திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது. ஆனால் இந்த வௌவாலுக்கு மட்டும் அதற்கு முன்பே, புலிக்கும் யானைக்கும் உள்ள முதல் அட்டவணைப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. பழைய லேபிளே இருந்திருந்தால் இதுவும் தொல்லைப் பட்டியலில்தான் கிடந்திருக்கும்.

1993-ல் மேகமலையில் இது மறுபடியும் உயிரோடு பிடிபட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இது இப்போதும் அழியும் ஆபத்தில் உள்ள இனம்தான்.