பிராக்வேயின் ஒன்பது மசோதாக்கள்

பிரிட்டனின் 1965ஆம் ஆண்டு இன உறவுகள் சட்டம் உள்துறை அமைச்சர் ஃபிராங்க் சோஸ்கிஸ் கொண்டுவந்த அரசு மசோதா. நிறப் பாகுபாட்டுக்கு எதிராக அந்நாடு இயற்றிய முதல் சட்டம் அது. அதே கோரிக்கையை 1956 முதல் ஒன்பது முறை தனிநபர் மசோதாவாக வைத்தவர் ஃபென்னர் பிராக்வே. அந்த ஒன்பதும் எப்படி மடிந்தன என்று தேடித்தான் ஹான்சார்டு என்னும் நாடாளுமன்ற விவாதப் பதிவுகளுக்குள் இறங்கினேன்.

உறுப்பினர் அட்டவணையில் அவர் பெயர் விட்டுவிட்டு வருகிறது. 1929இல் கிழக்கு லேட்டன் உறுப்பினராகத் தொடங்கி 1931இல் அறுபடுகிறது. அந்தச் சிறு காலத்துக்குள் ஒரு தேதி நம்மை நிறுத்துகிறது: 1930 ஜூலை 17. காந்தியும் நேருவும் சிறையில் இருக்கும்போது இந்தியா பற்றி விவாதிக்காமல் அவை கலையக் கூடாது என்று கல்கத்தாவில் பிறந்த பிராக்வே பிடிவாதம் பிடிக்கிறார். ஆள்வது அவருடைய தொழிற்கட்சியேதான். சபாநாயகர் சொல்லியும் அவர் அடங்கவில்லை, இடைநீக்கம் செய்கிறார்கள். அந்த அமளியில் ஜான் பெக்கெட் என்ற உறுப்பினர் அவையின் செங்கோலையே தூக்கிக்கொண்டு நடக்கிறார். முதல் உலகப்போரில் கட்டாய ராணுவச் சேவையை மறுத்துச் சிறை சென்று, உள்ளேயே கழிப்பறைக் காகிதத்தில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர் பிராக்வே. சபாநாயகரின் அதட்டலுக்கா பணிவார்?

1950இல் ஈட்டன்–ஸ்லௌ உறுப்பினராகப் பெயர் திரும்புகிறது. மசோதாக்களின் தடம் இங்கேதான். பத்து நிமிட விதிப்படி அனுமதி கேட்டுப் பேசலாம், மசோதா அறிமுகமாகும். இரண்டாம் வாசிப்புக்கு வெள்ளிக்கிழமை காத்திருக்க வேண்டும். விவாத நேரம் முடிந்தபின் மசோதாவின் தலைப்பை வாசிக்கும்போது யாராவது ஒருவர் ‘ஆட்சேபம்’ என்றால் போதும், அன்றைக்கு அதன் கதை முடிந்தது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. சொன்னவர் பெயரைக்கூடப் பதிவு குறிப்பதில்லை. ‘மாண்புமிகு உறுப்பினர்கள்’ என்று பொதுவாகப் போட்டுவிடுகிறது. கூட்டத்தொடர் முடிந்தால் மசோதாவும் காலாவதி. ஒரு தேசத்தின் மனசாட்சியைத் தொட்ட கேள்வியை முகமில்லாத ஒற்றைச் சொல் தடுக்க முடிந்தது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

வாசகங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது தடம் தெளிந்தது. 1956 மசோதா நிறம், இனம், மதம் மூன்றையும் சொன்னது; விடுதி, உணவகம், நடன அரங்கோடு வேலைவாய்ப்பையும் தொட்டது. 1965 சட்டத்தில் பொது இடங்கள் இருக்கின்றன, வேலைவாய்ப்பு இல்லை, மதம் இல்லை.

சட்டம் வந்தபோது பிராக்வே மக்களவையிலும் இல்லை. தொழிற்கட்சி ஆட்சியைப் பிடித்த 1964 தேர்தலில் அவர் 11 வாக்குகளில் தோற்றார். அட்டவணையில் ‘ஃபென்னர் பிராக்வே’ என்று தேடினால் அந்த ஆண்டோடு ஆள் காணாமல் போகிறார். ‘பிராக்வே பிரபு’ என்று தேட வேண்டும். பரம்பரைப் பெருமைகளை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர் ஆயுட்காலப் பிரபுவாகி மேலவையில் அமர்ந்திருந்தார். அந்த மசோதாவும் அங்கேதான் வந்து சேர்ந்தது.

வேலைவாய்ப்பும் வீட்டுவசதியும் 1968 சட்டத்தில் சேர்ந்தன. 1988இல், நூறு வயதுக்குச் சில மாதங்கள் இருக்கையில், அவர் இறந்தார். மத அடிப்படையில் வேலை மறுப்பதை இங்கிலாந்தில் தடுக்கும் விதிகள் 2003இல்தான் வந்தன.