சத்துமாவுக்கு எந்தக் கடலை?

கடலை அறுவடை முடிந்ததும் திரண்ட பருப்பு மண்டிக்குப் போகும். சுருங்கியதும் பூஞ்சணம் பிடித்ததும் வீட்டுச் செலவுக்கு என்று ஒதுங்கும். அந்தக் கடலை குழந்தையின் சத்துமாவில் சேரக்கூடாது. பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைப் பாதிக்கும்; வறுத்தாலும் முழுதாகப் போகாது. எனவே, காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும் வரை காயவைத்து, நல்ல பருப்பில் கால் கிலோ எடுத்து வையுங்கள்.

ஊர்ப் பெண்களைக் கொண்டு ஊட்டச்சத்துப் பணி செய்வது நமக்குப் புதிதல்ல. 1980-ல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், கிராமப் பெண் பணியாளர்கள் மாதந்தோறும் குழந்தைகளை எடை போட்டு, எடை சரியாகக் கூடாத குழந்தைகளுக்குத் துணை உணவு கொடுத்தார்கள். இன்று ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் வீட்டுக்கே வருகிறார். அவருக்கும் சுயஉதவிக்குழுப் பெண்களுக்கும் இந்த மாவைத் தயாரிக்கச் சொல்லிக்கொடுத்தால், ஊர் முழுக்கப் போய்ச் சேரும்.

ராகி 1 கிலோ, பச்சைப்பயறு அரை கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ (நிலக்கடலைதான், சாம்பாருக்குப் போடும் பருப்பல்ல). ராகியையும் பயறையும் தனித்தனியாக ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டுங்கள். முளை விட்டதும் நன்றாகக் காயவைத்து, முளையைத் தேய்த்து நீக்கி, இளஞ்சூட்டில் வறுக்க வேண்டும். கடலையை வறுத்துத் தோல் நீக்கி, எல்லாவற்றையும் சேர்த்து அரையுங்கள்.

முளைகட்டும் வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சாதாரண ராகி மாவு கொஞ்சம் போட்டாலே கஞ்சி இறுகிவிடும். தண்ணீர் ஊற்றி இளக்கினால், சின்ன வயிறு தண்ணீரிலேயே நிறைந்துவிடும். முளைகட்டிய தானியத்தில் உருவாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், கூடுதல் மாவு போட்டாலும் கஞ்சி இளக்கமாக இருக்கும். கருக வறுத்தால் அந்த நொதி போய்விடும்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. இந்தக் கஞ்சி அதன் பிறகுதான். நாட்டுச்சர்க்கரையை மாவில் கலந்து வைக்காதீர்கள், ஈரம் இழுக்கும்.

ராகிதானே என்று சர்க்கரை நோயாளிகள் இந்தக் கஞ்சியைச் சொம்பு சொம்பாகக் குடிப்பதையும் பார்க்கிறேன். குழந்தைக்கு எளிதில் செரிக்கும் இதே கஞ்சி அவர்களுக்கு ரத்தச் சர்க்கரையை ஏற்றும். கீரை போட்ட ராகி அடை, கொள்ளுப் பருப்பு என்று அளவோடு சாப்பிடலாம்.

பயிற்சி பற்றிக் கேட்க, கோவை மாவட்டத்தார் காரமடை விவேகானந்தபுரத்திலுள்ள அவினாசிலிங்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.